வேகவைத்த மொச்சையும் ஊறவைத்த மொச்சையும்: மழலையர் வகுப்பு ஆசிரியருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செடிக்கு உயிர் இருக்கிறதா என்று நான்கு வயதுக் குழந்தைகளைக் கேட்டால், பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘அது நடக்கலையே’ என்று காரணமும் சொல்வார்கள். உடனே திருத்திவிடாதீர்கள். தானாக அசைவதுதான் உயிர் என்பது அந்த வயதுக்கு நியாயமான முடிவு. செடியும் அசைகிறது, நம் கண் பொறுமையிழந்து விலகிவிடும் அளவுக்கு மெதுவாக. அந்த அசைவைக் குழந்தையின் கண்ணில் பட வைத்தால் போதும்.

தொட்டாற்சிணுங்கியில் மட்டும் தொடங்க வேண்டாம். தொட்டதும் இலை மூடுவதைப் பார்த்த குழந்தைக்கு, அசையாமல் நிற்கும் மற்ற செடிகள் இன்னும் உயிரற்றவையாகத் தெரியும். விதையில் தொடங்குங்கள்.

மொச்சை பெரிய விதை, பிஞ்சு விரலுக்கும் பிடிபடும். விதைப்பதற்கென விற்பதில் பூச்சிமருந்து தடவியிருக்கலாம். சமையலுக்கு வாங்கிய முழு மொச்சையே நல்லது. பழையதாக இருந்தால் முளைக்காது. அதனால் ஒரு வாரம் முன்பே பத்து விதைகளை நீங்கள் முளைக்கப் போட்டுப் பாருங்கள். பச்சையாகத் தின்பதற்கும், மூக்கில் காதில் போட்டுக்கொள்வதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இரவு முழுக்க ஊறிய விதையின் தோலை உரித்து, பருப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். ஓர் ஓரத்தில், மடிந்த இரண்டு குட்டி இலைகளும் கூரான முளைவேரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கைலென்ஸ் இருந்தால் எல்லோரும் பார்க்கலாம். செடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்களே கத்துவார்கள்.

இனி மூன்று கண்ணாடி டம்ளர்கள். உள்சுவரை ஒட்டி டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, நடுவில் பஞ்சு அடைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் ஐந்தைந்து விதைகளைச் செருகுங்கள். முதலாவதில் ஊறிய விதை, அடியில் ஒரு செ.மீ. தண்ணீர், விதை தண்ணீரைத் தொடக்கூடாது, தாள் உறிஞ்சிக் கொடுக்கும். இரண்டாவதில் ஊறவைக்காத விதை, தண்ணீரே இல்லை. மூன்றாவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய விதை, முதலாவதைப் போலவே தண்ணீர். மூன்றையும் நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் காற்றும் மிதமான சூடும் போதும். விதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் காற்றுக் கிடைக்காமல் அழுகி நாறும். இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் அதனால்தான்.

இரண்டு மூன்று நாளில் முதல் டம்ளரில் வேர் எட்டிப்பார்க்கும். வெந்த விதை அழுகத் தொடங்கும். காய்ந்தது அப்படியே கிடக்கும். பிறகு அந்தக் காய்ந்த விதைகளை ஊறவைத்து முளைக்கப் போடுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தவற்றில் எதற்கு உயிர் இருந்தது, எதற்குப் போய்விட்டது என்ற பேச்சு தானாக வரும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வேரில் வெள்ளையாகப் பஞ்சு போல் ஏதோ தெரிந்தால் பூஞ்சணம் என்று வீசிவிடாதீர்கள். வேர்நுனிக்குச் சற்று மேலே மட்டும் சீராக நிற்பது வேர்த்தூவி, அதாவது வேரின் மெல்லிய முடிகள். தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிப் படிந்துவிடும். பூஞ்சணமோ விதைத்தோலில் திட்டாகப் படர்ந்து சாம்பல் நிறமாகும்.

வேர் இரண்டு செ.மீ. வளர்ந்ததும் தண்ணீரை வடித்து, தாளை ஈரமாக வைத்து, டம்ளரைப் படுக்கவையுங்கள். வேர்நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணாடியின் வெளியே மார்க்கரால் புள்ளி வையுங்கள். மறுநாள் நுனி அந்தப் புள்ளியைத் தாண்டிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். யாரும் தொடவில்லை, தானாக அசைந்தது.

முதல் இலைகள் விரிந்ததும் அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். தாளில் சத்து இல்லை. எல்லாக் குழந்தைகளும் தண்ணீர் ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். நாளுக்கு ஒருவர் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு சிறு கப் ஊற்றட்டும்.

‘செடி அழுகிறது’, ‘இலைக்கு வலிக்கும்’ என்று சொல்லாதீர்கள், ஆசிரியரே. அப்படிச் சொன்னால் செடியை ஒரு குட்டி மனிதனாகத்தான் புரிந்துகொள்வார்கள். ‘தண்ணீர் குறைந்ததால் தொங்குகிறது’ என்பது உண்மை, குழந்தைக்குப் புரியவும் செய்யும்.

ஒரு செடி செத்துப்போனால், இரவோடு இரவாக வேறொன்றை அதன் இடத்தில் வைத்துவிடாதீர்கள். உயிருள்ள தொட்டியின் பக்கத்திலேயே சில நாள் இருக்கட்டும். தொட்டுப் பார்த்து என்ன மாறியது என்று அவர்களே சொல்லட்டும். பிறகு மண்ணில் புதைக்கலாம்.

அன்புடன்,
செடிகளோடும் குழந்தைகளோடும் இருக்கும் ஒருவர்