உப்புவெளி மணலில் ஒரு கோடு

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கலியாணம் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோசம், அம்மா போனில் படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறா. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் கால் வைக்க ஏலாது.

சரி, நீ கேட்ட விசயம். கோல்ஃப் ஆடும்போது நீ அடிக்கிற பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது என்று எழுதியிருந்தாய், எனக்கு இரண்டு வருசம் அதே கரைச்சல்தான். சீனக்குடா விமானப்படைக் கோல்ஃப் திடலில் வலப்பக்கம் போகுதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்பேன், வளைவு இன்னும் கூடும். பிறகுதான் விளங்கியது: பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம், வளைவைத் தருவது அந்த முகத்துக்கும் மட்டை வருகிற பாதைக்கும் உள்ள வித்தியாசம். நான் இடப்பக்கம் திரும்பி நிற்க நிற்க மட்டையின் பாதையும் இடப்பக்கம் போனது, முகம் மட்டும் திறந்தபடியே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, நின்றது.

இதில் எங்கள் கிரிக்கெட் பழக்கமும் இருக்கிறது. கவர் டிரைவில் முழங்கையை உயர்த்தி மட்டை முகத்தைக் கடைசிவரை நேராகவே கொண்டுபோவோமே, கோல்ஃபிலோ முன்கை உருண்டு, திறந்த முகம் மூட வேண்டும். அதனால் முதலில் கிரிப்பை, மட்டையைப் பிடிக்கிற விதத்தை, மாற்றினேன். முன்பு குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரு விரல் மொளிதான் தெரியும், இப்போது இரண்டு நன்றாகத் தெரிகிறமாதிரிப் பிடிக்கிறேன். ஒரு மாதம் அது வேறு யாருடையதோ கை போலத்தான் இருக்கும், விட்டுவிடாதே. பந்து மட்டையில் பட்டிருப்பது ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான், அதற்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது, எல்லாம் முந்தியே சரியாக இருக்க வேண்டும்.

அப்புறம் மணல். விடிய ஆறு மணிக்கு உப்புவெளிக் கரைக்குப் போய், கரைவலை இழுக்கிறவர்களுக்கு எட்டத்தில், ஈர மணலில் விரலால் ஒரு கோடு கீறி, பந்து அதில் இருப்பதாக நினைத்து ஏழாம் நம்பர் அயன் என்கிற இரும்பு மட்டையை வீசுவேன். பந்தே வேண்டாம், மண் எங்கே பெயர்கிறது என்று பார்த்தால் போதும். முதல் நாள் கோட்டுக்கு நாலு விரல் பின்னால் பள்ளம் விழுந்தது. காரணமும் மணலிலேயே கிடந்தது: வலது குதிக்கால் ஆழமாகப் புதைந்திருந்தது, இடது கால் தடம் மேலோட்டமாக. பாரம் முழுக்கப் பின்காலில். மட்டை கீழே இறங்கும்போது இடது குதிக்காலை அழுத்தப் பழகினேன், மூன்று கிழமையில் பள்ளம் கோட்டில் தொடங்கி முன்னுக்குப் போனது. அலை வந்து அழிக்கும், திரும்பக் கீறுவேன். தூரத்துக்கு அடிக்கிற டிரைவர் மட்டைக்கு இது பொருந்தாது, அதில் பந்து டீ என்கிற சின்ன முளையில் உயர இருக்கிறது, மட்டை மேலே ஏறும்போது பட வேண்டும்.

வீடியோ பார்த்து ஒரே நாளில் ஐந்து விசயம் மாற்றப் போகாதே மச்சான், கிழமைக்கு ஒன்று போதும்.

போன சனிக்கிழமை ஒரு பந்து நேராகக் கிளம்பி, கடைசியில் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் போனை வைத்து, பந்தும் இலக்கும் ஒரே நேரில் தெரிகிறமாதிரி ஐந்து தரம் அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பு, கிரிப்பைக் கிட்டத்தில் ஒரு படமும். ஆகஸ்ட்டில் வரும்போது சப்பாத்து மட்டும் கொண்டுவா, மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்