எங்கிருந்து அளந்தது என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில் சூரியக் குடும்பத்தின் உயர்ந்த மலைகளை ஒரு முழுப்பக்கப் படமாகப் போட்டிருந்தீர்கள். எவரெஸ்ட் 8.8 கிலோமீட்டர், வெள்ளிக் கோளின் மாக்ஸ்வெல் மலைத்தொடர் 11, செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் 22 என்று ஒரே தரைக்கோட்டின் மேல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தத் தரைக்கோடு எது என்று படத்தில் எங்குமே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லெவல் கருவியை ஊன்றுவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வி, ‘பெஞ்ச் மார்க் எங்கே?’ என்பதுதான். உயரம் ஏற்கெனவே தெரிந்த அடையாளக் கல்லைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கிருந்து என்று தெரியாவிட்டால் உயரத்தை எழுதவே மாட்டோம். நம் நாட்டில் அந்தத் தொடக்கம் சராசரிக் கடல்மட்டம். அதையும் யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடவில்லை. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அலைமானி வைத்து, நீர் ஏறி இறங்குவதைப் பதிவு செய்து, கணக்குப் போட்டு, 1909-இல் நிலைநிறுத்தினார்கள்.

செவ்வாயில் கடல் இல்லை. அதனால் அங்கே முதலில் காற்றழுத்தம் 6.1 மில்லிபாராக இருக்கும் மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் லேசர் கொண்டு கோள் முழுவதையும் அளந்ததும், ஈர்ப்பு விசையிலிருந்து கணக்கிட்ட ஒரு பரப்பு பூஜ்யமாயிற்று. வெள்ளியில் கோளின் சராசரி ஆரமான ஏறக்குறைய 6,052 கிலோமீட்டர்தான் தொடக்கம். ஆக, உங்கள் படத்தில் இருக்கும் மூன்று மலைகளுக்கும் மூன்று விதமான பூஜ்யங்கள்.

இது சில்லறை விஷயம் இல்லை. எவரெஸ்ட்டின் 8,848.86 மீட்டர் கடல்மட்டத்திலிருந்து வந்த கணக்கு. அந்த மலையோ ஏற்கெனவே 5 கிலோமீட்டர் உயரத்தில் கிடக்கும் திபெத் பீடபூமியின் ஓரத்தில் எழுந்து நிற்கிறது. வடக்கே அடிவாரத்திலிருந்து பார்த்தால் அதன் சொந்த உயரம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு. ஹவாயின் மௌனா கியா கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரிகிறது. பசிபிக் கடலடித் தரையிலிருந்து அளந்தால் 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை, மௌனா கியாவும் எரிமலை. அடியிலிருந்து நுனி வரை என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், செவ்வாய் மலை பூமி மலையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டு நீங்கள் போட்டிருக்கும் ‘இரண்டரை மடங்கு’ வேறு கணக்கு.

ஏன் அவ்வளவு பெரிது என்பதையும் அந்தப் பக்கத்தில் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். ஹவாயில் பூமியின் ஆழத்திலிருந்து பாறைக் குழம்பு மேலே வந்தபடி இருக்க, மேலே உள்ள பசிபிக் தட்டு, அதாவது அந்தக் கடலைத் தாங்கும் பாறை ஓடு, நகர்ந்துகொண்டே போகிறது. அதனால் ஒரே மலை வளராமல் வரிசையாகத் தீவுகள் பிறக்கின்றன. செவ்வாயின் மேலோடு அப்படி நகர்வதில்லை. குழம்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்தது. அங்கே ஈர்ப்பும் பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான் என்பதால் அத்தனை பாரத்தையும் தரை தாங்கிக்கொண்டது. அதன் அகலம் சுமார் 600 கிலோமீட்டர். கடலூரிலிருந்து கன்னியாகுமரி வரை நேர்கோட்டில் போனாலும் மலை இன்னும் பாக்கி இருக்கும்! சரிவு அவ்வளவு மெதுவானது என்பதால் மேலே நிற்பவருக்கு மலையின் அடிவாரம் அடிவானத்துக்கு அப்பால் மறைந்துவிடும். படத்தில் அதை ஊசி மாதிரி வரைந்திருப்பதை அடுத்த முறையாவது மாற்றுங்கள்.

எனக்கு மிகவும் மனத்தாங்கலான இடம் இனிதான். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் முதலிடம் எவரெஸ்ட்டுக்குக் கிடையாது. ஈக்வடார் நாட்டின் சிம்பராசோ சிகரம் அதைவிட 2 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து அது 6,263 மீட்டர்தான் என்றாலும். பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் பருத்திருப்பதுதான் காரணம். எவ்வளவு பருத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் எங்கள் கடலூருக்குப் பங்கு உண்டு என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1802-இல் ஆங்கிலேய நில அளவை அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்து, பூமியின் வடிவத்தை அறிய அவர் அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் (வடக்கு தெற்காக ஓடும் கோட்டின் ஒரு துண்டு) தென்முனை, கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாத சுவாமியைச் சேவிக்க நாம் போகும் அதே திருவந்திபுரம்தான். அந்த அளவைதான் பின்னால் இமயம் வரை நீண்டது. 1852-இல் அந்த அளவையின் இந்தியக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தர் கணக்கிட்டு, 1856-இல் 29,002 அடி என்று எவரெஸ்ட்டின் உயரம் அறிவிக்கப்பட்டது அதன் தொடர்ச்சியாகத்தான்.

வெஸ்டா என்ற சிறுகோளையும் விட்டுவிட்டீர்கள். 2011-இல் நாசாவின் டான் விண்கலம் போய்ப் பார்த்த அதன் ரியாசில்வியா பள்ளத்தின் நடுவே, பள்ளத்தின் தரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் எழும் சிகரம் ஒன்று இருக்கிறது. ஒலிம்பஸ் மோன்ஸுக்கு அதுதான் போட்டி. எது முதல் என்பதும் எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்ததே.

அந்தப் படத்தை மறுபடி வெளியிட வேண்டுகிறேன். ஒவ்வொரு மலையின் கீழும் ‘கடல்மட்டத்திலிருந்து’, ‘அடிவாரத்திலிருந்து’, ‘சராசரி ஆரத்திலிருந்து’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்படியே திருவந்திபுரத்தைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியும் போட்டால், கடலூர், புதுச்சேரிப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை நேரில் அழைத்துப் போய்க் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.