அதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது, ஃபின்னி ஐயா?

அன்புள்ள டாம் ஃபின்னி ஐயாவுக்கு,

இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரே கிளப்புக்கு விசுவாசமாகக் கடைசிவரை இருந்த ஆட்டக்காரர் என்றால் உங்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பிரஸ்டனில் பிறந்தீர்கள், பிரஸ்டன் நார்த் எண்டுக்கு 433 லீக் ஆட்டங்கள் ஆடி 187 கோல் போட்டீர்கள், 1960-இல் அங்கேயே ஓய்வு பெற்றீர்கள். எல்லாம் சரி. ஆனால் இந்தப் புகழ்ச்சியில் 1952 மட்டும் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.

அந்த வருஷம் இத்தாலியின் பலேர்மோ கிளப் உங்களைக் கேட்டது. கையெழுத்துப் போட்டாலே 10,000 பவுண்டு. மாதம் 130 பவுண்டு சம்பளம், போனஸ், வீடு, கார் எல்லாம் தனி. இங்கிலாந்தில் அப்போது எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் வாரம் 14 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று லீக் விதி. கணக்குப் போட்டால் அந்த 10,000 மட்டுமே உங்களுடைய 13 வருஷச் சம்பளத்துக்கும் மேல். பிரஸ்டன் கிளப் தலைவர் நாட் பக்கிடம் போய்ப் பேசினீர்கள். எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்குமே ஆட முடியாது என்று அனுப்பிவிட்டார். சும்மா மிரட்டலும் இல்லை அது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைக் கிளப் தன்னிடமே நிறுத்திவைக்கலாம் என்று விதியே இருந்தது. கதவை வெளியே பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவரைப் பார்த்து வீட்டை விட்டு நகராத நல்ல பிள்ளை என்கிறார்கள்.

நல்லவேளை, உங்கள் அப்பா விவரமானவர். குழாய் வேலையை முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் பந்து என்று பிடிவாதமாக இருந்தார். அதனால்தான் இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் அடித்த மனிதருக்குக் குழாய் ரிப்பேரும் சோறு போட்டது. இதையும் எளிமை என்று ரசித்து எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பெரிய கோப்பை எதுவும் உங்கள் கைக்கு வரவில்லை. 1953-இல் ஆர்சனலும் பிரஸ்டனும் 54 புள்ளிகளில் சமமாக நிற்க, கோல் சராசரியில், அதாவது போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கில், லீக் பட்டம் ஆர்சனலுக்குப் போனது. அடுத்த வருஷம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம் கிளப்பிடம் 3-2 என்று தோல்வி.

நீங்கள் ஓய்வு பெற்ற மறு ஜனவரியில், 1961-இல், சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. உங்களோடு இங்கிலாந்து அணியில் ஆடிய ஜானி ஹேய்ன்ஸ் ஃபுல்ஹாமில் வாரம் 100 பவுண்டு வாங்கினார். அதே வருஷம் பிரஸ்டன், அப்போது லீக்கின் உச்சியாக இருந்த முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியது. இன்னும் அந்த உச்சிக்கு ஏறவில்லை.

நாட் பக்குக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் இத்தனை மரியாதை இருக்காது.

அன்புடன்,
உங்கள் ரசிகன்