மஃரிப் அணையைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

புதுக் கட்டுமானமெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டது, பராமரிப்புப் பிரிவை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குர்ஆனின் ஸபா அத்தியாயத்தில் (சூரா ஸபா) வலப்புறமும் இடப்புறமும் இரண்டு தோட்டங்கள் என்று ஓதுகிறோமே, அந்தத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது யெமனின் மஃரிப் அணை. வாதி தனா என்ற காட்டாறு பலக் மலை இடுக்கைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் இறங்கும் இடம் அது. வருடத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான். மலையில் மழை பெய்தால் மட்டும் வெள்ளம் சீறிக்கொண்டு வரும். அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த ஸபா மக்கள் அதன் குறுக்கே சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு மண்கரை போட்டு, தண்ணீர் மோதும் பக்கம் கல் பதித்தார்கள். இரண்டு முனையிலும் பாறையை ஒட்டிச் செதுக்குக் கல்லில் மதகுகள். வருடம் முழுக்கத் தேக்கி வைக்கிற அணை இல்லை அது. ஓடுகிற வெள்ளத்தின் மட்டத்தை உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான்.

அங்கேதான் சிக்கலும். வெள்ளத்தோடு வண்டலும் வயலுக்குப் போகும். சில இடங்களில் அது 30 மீட்டர் வரை படிந்திருக்கிறது. வயல் உயர்ந்தால் வாய்க்கால் உயர வேண்டும்; அப்புறம் மதகு, அப்புறம் கரை. ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். கட்டிய வேலையைவிடப் பழுது பார்த்த வேலைதான் அதிகம் என்பேன்.

யானைப்படையோடு மக்காமீது வந்த யெமன் அரசர் அப்ரஹாவை உனக்குத் தெரியும். 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கரை உடைந்தபோது அதைச் சரிசெய்ததை அவர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். நடுவில் கொள்ளைநோய் வந்து வேலை நின்றது, ஆட்களை ஊருக்கு அனுப்பினார், பிறகு மறுபடி கூட்டினார். அவர்கள் சாப்பிட்ட மாவு, பேரீச்சம்பழம், அறுத்த ஆடுமாடு வரை கணக்கு இருக்கிறது. ரோம், பாரசீகத் தூதர்கள் வந்த செய்தியும் அதே கல்லில்தான். ஓர் அரசர் மராமத்துக் கணக்கை அந்த வரிசையில் வைத்தார் என்பதை நினைத்துப் பார்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடைசி உடைப்பு. அதற்குப் பிறகு யாரும் கூடிக் கட்டவில்லை. தோட்டம் போய், கசப்புக் கனியும் சில இலந்தை மரங்களுமே மிஞ்சின என்கிறது அதே சூராவின் வசனம்.

நீ இருக்கும் அமீரகத்தின் அன்றைய அதிபர் ஷேக் ஸாயித் கொடுத்த பணத்தில்தான் 1986இல் பழைய அணைக்குச் சற்று மேலே புது அணை வந்தது. பழைய கல் மதகுகள் இன்றும் நிற்கின்றன. 2015 போரில் விமானத் தாக்குதலில் வட மதகு சேதமானதைப் படித்து மனசு ஆறவில்லை எனக்கு. 2023இல் யுனெஸ்கோ மஃரிப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்துப் பட்டியலிலும் ஒன்றாகவே சேர்த்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பொறுப்பில் உள்ள மழைநீர்க் கால்வாய்களில் கடைசியாக எப்போது மண் அள்ளினார்கள் என்று பதிவேட்டில் பார். ஷட்டர்களை மழைக்கு முன்பே ஏற்றி இறக்கிக் காட்டச் சொல், நேரில் நின்று பார். என்ன நிலைமை என்று வெள்ளிக்கிழமை விவரமாகச் சொல். அம்மா துஆ செய்கிறாள்.

அன்புடன்,
அத்தா