கப்ளரை மாற்றியது போதும், ஆயில் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

மோட்டார் சைக்கிள் கம்பெனியின் சர்வீஸ் பிரிவு மேலாளர்களுக்கும், வாரண்டியில் முடிவெடுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வண்டியில் சார்ஜிங் கப்ளருக்குள், அதாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பானுக்குள், இன்ஜின் ஆயில் வந்து நிற்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. உங்கள் டீலர்கள் எழுதும் ஜாப் கார்டிலேயே அது இருக்கிறது. அதனால் முன்கதை சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. போன வாரம் ஒரு வண்டிக்கு வாரண்டி இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள். "வெளி மெக்கானிக் வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்" என்று காரணம் எழுதியிருந்தது. அந்த வெளி மெக்கானிக் நான்தான்.

வெட்டுவதற்கு முன்னால் அந்த வயர் எப்படி இருந்தது என்று உங்கள் ஆட்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வண்டிக்காரர் பூ வியாபாரி. வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமங்களில் மல்லிகை எடுத்து நிலக்கோட்டை சந்தைக்குக் கொண்டுபோகிறவர். வெயில் ஏறுவதற்குள் மூட்டையை இறக்கினால்தான் அவருக்கு விலை. அன்று பாதி வழியில் ஹெட்லைட் மங்கியது, மீட்டர் அணைந்தது, அப்புறம் இன்ஜினே நின்றுவிட்டது. கிக்கர் இல்லாத வண்டி. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிய பிறகு எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் நடக்காது. அவர் ஆள் பிடித்து, வண்டியை என் கடை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மூட்டைக்குள் மொட்டெல்லாம் சூட்டில் வெந்து பழுப்பேறிக் கிடந்தது. மூட்டை வாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சைடு கவரைக் கழற்றினேன். கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து, அதைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர் சேரும் கப்ளர் ஒரு பக்கம் உருகி, உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுற்றிலும் கறுப்பு மசகு. இழுத்தால் கழன்று வரவில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினேன். இப்போது கவனியுங்கள். வயரின் வெளித்தோலைத் துணியால் துடைத்தேன், அது காய்ந்துதான் இருந்தது. வெட்டிய முனையைக் கீழே தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செப்பு இழைகளுக்கு நடுவிலிருந்து ஆயில் சின்ன முத்தாகத் திரண்டு வந்து சொட்டியது. வயருக்கு வெளியே ஒழுகவில்லை. வயருக்கு உள்ளேயே நடந்து வருகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த வண்டியில் மேக்னட் காயில் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. காயில் குளிர்வதற்கு அது நல்லதுதான், அந்த அமைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காயிலிலிருந்து வெளியே வரும் வயர் பல இழை முறுக்கிய வயர். இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் சந்தில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இன்ஜின் ஆயில் ஏறி வருகிறது. இன்ஜின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்து இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடினால் இன்னும் வேகமாகத் தள்ளும். இன்ஜின் கவரில் வயர் வெளியேறும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமான கிரோமெட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வயருக்கு உள்ளே வருவதை அது தடுக்காது. வயர் முடிகிற இடம் கப்ளர் என்பதால் ஆயில் அங்கே வந்து தேங்குகிறது.

இதற்கு உங்கள் டீலர் என்ன செய்தார்? கப்ளரை ஸ்ப்ரே அடித்துக் கழுவினார். மறுபடி வந்தது. புதுக் கப்ளர் போட்டார். மறுபடியும் வந்தது. "ஆயில் கரண்ட்டைக் கடத்தாது சார், பயப்படாம ஓட்டுங்க" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆயில் கரண்ட்டைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் அது சும்மா இருப்பதில்லை. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூட்டில் பிசினாகக் காய்ந்து பின்னைச் சுற்றிப் படிகிறது. பின்னின் பிடி தளர்ந்து, தொடுகிற இடத்தில் தடை ஏறுகிறது. ஒரு பின்னில் 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.1 ஓம் தடை வந்தாலே போதும், 10 வாட் சூடு அந்தத் துளி இடத்தில் உண்டாகிறது. நான் ஈயம் வைக்கிற அயர்னே 25 வாட்தான். பிளாஸ்டிக் கப்ளர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். கப்ளரை மாற்றுவதை நிறுத்திவிட்டு, ஆயில் வரும் வழியை அடைக்கச் சொல்லுங்கள்.

என் கடையில் அதைச் செய்ய முடிகிறது. கிரோமெட்டைத் தாண்டி, வயர் வளையாமல் நேராகப் போகும் இடமாகப் பார்த்து, அரை அங்குலத்துக்குத் தோலை உரித்து, செப்பு இழையை ஆயில் போகச் சுத்தம் செய்து, உள்வரைக்கும் ஈயம் இறங்கும்படி பற்றவைத்தால் இழைகளெல்லாம் சேர்ந்து ஒரே கம்பியாகிவிடும். அதற்கு மேல் ஆயில் ஏற வழியில்லை. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடு காட்டி இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் உரித்த இடத்திலேயே கசியும். மூன்று வயரிலும் ஒரே இடத்துக்கு நேராக ஈயம் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைக்க வேண்டும். வளைவில் வைத்தால் அதிர்வில் வயர் அங்கேயே முறியும். கிரோமெட்டைச் சுற்றியும் கசிவு இருந்தால், பெட்ரோலில் கழுவிக் காயவைத்து அனபாண்ட் என்ற அடைப்புப் பசையைத் தடவி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் ஆயில் ஊற்றினால் போதும். பூக்கார அண்ணன் வண்டிக்கு இதைத்தான் செய்தேன். இதைத்தான் நீங்கள் "வெட்டி ஒட்டியது" என்று எழுதினீர்கள்.

ஒரு ரோட்டோரக் கடையில் முடிகிற வேலை தொழிற்சாலையில் முடியாதா? காயில் செய்யும்போதே கிரோமெட்டுக்குள் வரும் இடத்தில் வயரை ஈயத்தால் அடைத்துவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் போய்விட்டது, பகலிலும் எரிகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. பல வண்டியில் கிக்கரையும் எடுத்துவிட்டீர்கள். எல்லாச் சுமையையும் பேட்டரி மேலும் காயில் மேலும் ஏற்றிவிட்டு, அந்தக் காயிலின் வயர் முனையைக் கவனிக்காமல் விட்டால் எப்படி? வயரிங் படத்தை எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. கிரோமெட் தனியாகக் கிடைக்காது, முழுக் காயில் செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்கிறீர்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமே தொடங்கியது. எங்கள் ஊரில் அதனால் ஒரு கிரோமெட்கூட வரவில்லை. சாலையில் நிற்கிறவனுக்கு ஒத்தாசை செய்தால் அதையே காரணமாக்கி அவன் வாரண்டியை ரத்து செய்கிறீர்கள். விடிகாலையில் நிலக்கோட்டை ரோட்டில் உங்கள் ஷோரூம் திறந்திருக்கிறதா? அவர் வேறு யாரிடம் போயிருக்க வேண்டும்?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜின் நல்ல இன்ஜின். அதில் கை வைக்கிற எங்களுக்கு அது தெரியும், அதனால்தான் இந்தச் சின்ன இடத்தில் அது கெட்டுப்போவது பொறுக்கவில்லை.

பணிவாகவே கேட்கிறேன். கப்ளரில் ஆயில் இருக்கிறது என்று வண்டி வந்தால், கப்ளரை மட்டும் மாற்றி அனுப்பக் கூடாது, வயரின் உட்பக்கத்தைப் பார்த்து வழியை அடைக்க வேண்டும் என்று எல்லா டீலருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாரண்டிக்குள் இருக்கும் வண்டிக்கு அடைப்பு வைத்த புதுக் காயிலைக் காசில்லாமல் போடுங்கள். கிரோமெட்டைத் தனி உதிரிபாகமாக விற்பனைக்கு விடுங்கள். பூ வியாபாரியின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். வெட்டியெடுத்த பழைய கப்ளரும், அதோடு சேர்ந்த வயர்த் துண்டும் என் கடையில் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பினால் கையில் கொடுக்கிறேன். பார்த்துவிட்டு, முடிவு எதுவானாலும், வண்டிக்காரருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வத்தலக்குண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்