சம்மனசின் சிறகுக்கு அமிலம் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

நவம்பர் 2 மரித்த விசுவாசிகள் தினத்துக்கு முன்னர் வன்னியின் பழைய சேமக்காலைகளில் துப்புரவுப் பணி தொடங்கிவிடும். குடும்பக் கல்லறைகளின் மேல் நிற்கும் சலவைக்கல் சம்மனசுகளுக்கு (வானதூதர் சிலைகளுக்கு) மழை வெயிலைவிட இந்த அக்கறைதான் சிலவேளை கூடுதல் கேடு செய்கிறது.

சலவைக்கல் என்பது கல்சியம் காபனேற்று. கழிவறை கழுவும் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். விரல், கண்ணிமை, எழுத்தின் விளிம்பு முதலில் போகும். வெளிற்றும் தூளும் ஆகாது. அது விட்டுச்செல்லும் உப்பு கல்லின் நுண்துளைகளில் பளிங்காகி மேற்பரப்பைப் பொடியாக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் கடற்காற்றுக் கொண்டுவரும் உப்பே போதாதா?

சேர்த்து வைத்த மழைநீர், மென்மையான நைலோன் பிறஷ், மூங்கிற் சீவல் போதும். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குநீர் உலர்ந்த கல்லில் கோடு விழுத்தும். ஊறிய பாசி மூங்கிலுக்கே உரியும். கம்பிப் பிறஷ் கூடவே கூடாது. கல் சீனி போல உதிர்ந்தால் தண்ணீரும் வேண்டாம், தொடாமல் விடுங்கள்.

சிறகின் மூட்டில் வெடிப்புடன் செங்கறையும் தெரிந்தால், உள்ளேயுள்ள இரும்புக் கம்பி துருவேறிப் பருத்திருக்கிறது. மேலே சீமெந்து பூசினால் ஈரம் அடைபட்டு வெடிப்புப் பெருக்கும். கல்தச்சரைக் கொண்டு அந்த இரும்புக் கம்பியை எடுத்து, துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வைக்க வேண்டும். பீடத்து மூட்டுகளுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு உப்பில்லாத மணல். எனாமல் பெயின்ற் அடிப்போருக்கு ஒரு சொல்: அது உரியும்போது கல்லின் தோலையும் சேர்த்தே கொண்டுபோகும்.

சேமக்காலைப் பராமரிப்பில் ஈடுபடுவோர்,
முல்லைத்தீவு