கார் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு: லைட்டையும் கொஞ்சம் கவனியுங்கள்

வணக்கம்.

சேலத்தில் மண்டபத்துக்குள் கார் கண்காட்சி நடத்துகிற எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். எந்த மண்டபம், யார் நடத்தியது என்ற கதையெல்லாம் வேண்டாம், வந்தவர்களுக்கும் நடத்தியவர்களுக்கும் தெரியும்.

நீங்கள் செய்வது சின்ன வேலை இல்லை. அம்பாசடர் உற்பத்தி 2014லேயே நின்றுபோனது. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்றைக்கு ரோட்டில் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப்பிடித்து, உரிமையாளர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, புது எலெக்ட்ரிக் கார்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். ஆனால் உள்ளே வருகிற ஜனம் காரைப் பார்ப்பதைவிடப் படம் எடுப்பதுதான் அதிகம், அந்தப் படங்கள்தான் வாட்ஸப்பில் ஊர் முழுக்கச் சுற்றி உங்களுக்குக் காசில்லாமல் விளம்பரம் தேடித் தருகின்றன. அவற்றில் கார் எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? கிரீம் கலர் பத்மினி கார் ஒரு பக்கம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கிறது, இன்னொரு பக்கம் நீலம் பாரித்துக் கிடக்கிறது.

கல்யாணத்துக்குப் போட்ட லைட்டில் காரை நிறுத்தினால் அப்படித்தான் வரும். சுவரோரம் மஞ்சள் பல்பு, லைட்டின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் அது சுமார் 3000. நடுவில் வெள்ளை எல்இடி, அது 6500 பக்கம். போதாததற்கு மேடையில் ரிசப்ஷனுக்கு அடிக்கிற ஊதா லைட் வேறு. நம் கண் இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற ஒயிட் பேலன்ஸை ஒரு படத்துக்கு ஒன்றுதான் வைக்க முடியும், மஞ்சளைச் சரிசெய்தால் வெள்ளை நீலமாகும். நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ 1956லேயே தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை எடுத்துவிட்டது, ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் நாம் தினமும் போய்வருகிறோம், அப்படிப்பட்ட ஊரில் ஒரு சிவப்புக் காரைச் சிவப்பாக எடுக்க முடியவில்லை என்றால் கோபம் வராதா?

மலிவான எல்இடியில் இன்னொரு வம்பு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமரா ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் சரியாகிவிடும், அதைப் படம் எடுக்கிற நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்களால் சரிசெய்ய முடியாதது காரின் மேல் விழுகிற பிம்பம். போன கண்காட்சியில் ஒரு கறுப்பு செடான் நின்றது, அருமையான பாலிஷ். அதன் பானட்டில் டியூப்லைட் வரிசை கோடு கோடாக ஓடியது, அதற்குக் கீழே பின்னால் கட்டியிருந்த பேனரின் ‘சுலபத் தவணை’ எழுத்து தலைகீழாகத் தெரிந்தது, நடுவில் படம் எடுக்கிறவரின் முழங்கையும் செல்போனும். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற, பிரதிபலிப்பைக் குறைக்கிற சிபிஎல் ஃபில்டர் போட்டால் கண்ணாடியில் அடிக்கிற கிளேர் கொஞ்சம் அடங்கும், அதுவும் கோணம் பார்த்து நின்றால்தான். குரோம் பம்பரில் அது எடுபடாது, இருக்கிற வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

கார் பெயின்ட் கிட்டத்தட்ட கண்ணாடிதான், மேலே நீங்கள் எதைத் தொங்கவிடுகிறீர்களோ அதைத்தான் நாங்கள் படம் எடுக்கிறோம். மேகம் மூடிய நாளில் ஏற்காடு ஏரிப் பக்கம் காரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள், சாதாரண செல்போனிலேயே வண்டியின் வளைவு நெளிவெல்லாம் அழகாக வரும். வானம் முழுக்க ஒரே பெரிய லைட்டாகிவிடுவதுதான் காரணம். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டியதில்லை, உங்கள் பந்தல்காரரிடமே வெள்ளைத்துணி இருக்கிறது. முக்கியமான நாலைந்து கார்களுக்கு மட்டுமாவது, லைட்டுக்கும் காருக்கும் நடுவில் காரைவிடப் பெரிதாகத் துணியை இழுத்துக் கட்டுங்கள், பல்பில் படாமல் நல்ல இடைவெளி விட்டு, எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொண்டு. டியூப்லைட் கோடுகளெல்லாம் போய், பானட்டிலிருந்து டிக்கி வரை ஒரே நீள வெளிச்சம் ஓடும். செலவு என்று பார்த்தால் துணி வாடகையும் கட்டுகூலியும்தான்.

அப்புறம் இடம். பம்பரோடு பம்பர் ஒட்டி நிறுத்தினால் பின்னால் நகர வழியில்லாமல் செல்போனின் வைடு லென்ஸில் கிட்ட நின்று எடுக்கிறார்கள், காரின் மூக்கு வீங்கிப் போகிறது. பத்தடி விடுங்கள், தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுத்தால் கார் காராகவே இருக்கும். முன்சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், நிற்கிறவனுக்கு வீல்கப் தெரியட்டும், டயரின் பட்டன் அல்ல. விலை அட்டையை முன்கண்ணாடியில் ஒட்டாதீர்கள், தரையில் ஒரு ஸ்டாண்டு போதும்.

செக்யூரிட்டி அண்ணன்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பெரிய கேமராவைப் பார்த்ததும் “சார், அனுமதி இல்லை” என்று ஓடிவருகிறார்கள், ஆனால் பெல்ட் பக்கிள் உரச உரச ஹெரால்டின் கதவில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவரை ஒன்றும் கேட்பதில்லை. கேமராவால் பெயின்டில் கீறல் விழாது, பக்கிளால் விழும்.

கூட்டத்துக்கு நடுவில் ட்ரைபாட் வைப்பது இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் காலையில் கதவு திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கேமராக்காரர்களுக்கு மட்டும் கொடுங்கள். தனி டிக்கெட் போட்டாலும் வாங்குவோம், கயிற்றைத் தாண்ட மாட்டோம், எடுத்த படத்தில் நல்லதை உங்களுக்கே அனுப்பி வைக்கிறோம், அடுத்த வருஷ போஸ்டருக்கு ஆகும்.

துணி கட்டுவதில் சந்தேகம் இருந்தால், முந்தின நாள் ராத்திரி வண்டிகளை உள்ளே ஏற்றும்போது சொல்லியனுப்புங்கள். படம் எடுக்கிற பையன்கள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறோம், வந்து கூடமாட நிற்கிறோம், கூலியெல்லாம் வேண்டாம். ஏணியும் நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள்.